‘எல்லோரும்’ என்றால் யார் யார்?

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் மொழிபெயர்ப்புகளைச் சில வருடங்களாகப் படித்துவருகிறேன். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. எங்கள் குழுவில் பாதிப்பேர் புவனோஸ் ஐரிஸில் இருப்பதால் எட்டு மாதமாக ஸ்பானிஷ் கற்றுக்கொள்கிறேன். போன வாரம் அங்கிருந்து வந்த ஒரு மெயில் ‘ஓலா அ தோதெஸ்’ என்று தொடங்கியது. ‘எல்லோருக்கும் வணக்கம்’ என்பதற்கு நான் படித்தது ‘தோதோஸ்’. தட்டச்சுப் பிழை என்று நினைத்து, ஆன்லைனில் பாடம் நடத்தும் என் மத்ரித் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது. “இது ஸ்பானிஷே இல்லை, இதைப் பழகிக்கொள்ளாதீர்கள்” என்றார். மெயில் அனுப்பியவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘எய்யே’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது என்ன என்று அவரிடமே கேட்கத் தயக்கம். குழம்பிப்போயிருக்கிறேன்.

யார் சொல்வது சரி? சிலருக்காக ஐம்பது கோடிப் பேர் பேசும் மொழியின் இலக்கணத்தை மாற்றச் சொல்வது திணிப்பு இல்லையா? தமிழில் ‘அவர்’ இருப்பதால் நமக்கு இந்தச் சிக்கலே இல்லை என்று ஒரு நிம்மதியும் வந்தது. அது சரிதானா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

---

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டபடி பெயரை எடுத்துவிட்டுக் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். இப்போது இதைப் படிக்கிற யாருக்கும் நீங்கள் ஆணா, பெண்ணா என்று தெரியாது. படிக்கிறேன், காட்டினேன், குழம்பிப்போயிருக்கிறேன் என்று ‘நான்’ சொல்லும் எந்தச் சொல்லிலும் தமிழ் அதைக் கேட்பதில்லை. இதே கடிதத்தை ஸ்பானிஷில் எழுதியிருந்தால் ‘குழம்பிப்போயிருக்கிறேன்’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆணாக இருந்தால் ‘கொன்ஃபுந்திதோ’, பெண்ணாக இருந்தால் ‘கொன்ஃபுந்திதா’. களைப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூட ‘கன்சாதோ’வா ‘கன்சாதா’வா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். தன்னை ஆண் என்றும் பெண் என்றும் உணராத ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த இடத்தில் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். களைப்பு, பசி, சந்தோஷம் என்று சொல்ல வாயெடுக்கும்போது பாதித் தடவை அந்த ஈறு வந்து நிற்கும். ‘கன்சாதே’ என்று அவர்கள் சொல்லத் தொடங்கியது இங்கிருந்துதான்.

ஆனால் உங்கள் ஆசிரியர் முகம் மாறியதற்குக் காரணம் இது மட்டும் இல்லை. இந்தச் சண்டையில் இரண்டு வேறு வழக்குகள் கலந்துகிடக்கின்றன. பிரித்துச் சொல்கிறேன்.

முதல் வழக்கு பெண்களுடையது, மிகப் பழையது. ‘தோதோஸ்’ வடிவத்தில் ஆண்பால், பொருளில் எல்லோரும். தொண்ணூற்றொன்பது பெண்கள் இருக்கும் அறைக்குள் ஓர் ஆண் நுழைந்தால் ‘தோதாஸ்’ போய் ‘தோதோஸ்’ வந்துவிடும். 1713-இல் தொடங்கிய ஸ்பானிய அரச மொழிக்கழகம் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: ஆண்பால்தான் இலக்கணத்தில் குறியிடப்படாத பால், அது எல்லோரையும் உள்ளடக்கும், அதனால் வேறு வடிவம் தேவையில்லை. இலக்கண விளக்கமாக இதில் எனக்குச் சண்டை இல்லை. லத்தீனில் மூன்று பால் இருந்தன. ஸ்பானிஷ் உருவானபோது மூன்றாவது பெரும்பாலும் ஆண்பாலில் கரைந்துவிட்டது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதில் மேசையின் பெண்மையை யாரும் நினைப்பதில்லை. என் வகுப்பிலும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எல்லோரையும் உள்ளடக்கும் என்ற அந்த வாக்கு வாழ்க்கையில் எப்படி நடத்தப்பட்டது என்பதுதான் என் கவலை.

1875, சிலே நாட்டின் சான் ஃபெலிப்பே. அரசியல் சட்டம் வாக்குரிமையை ‘சிலேனோஸ்’ஸுக்கு, அதாவது சிலே நாட்டவருக்குக் கொடுத்திருந்தது. தொமித்திலா சில்வா இ லெப்பே என்ற பெண்மணியும் வேறு சில பெண்களும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார்கள். அவர்களுடைய வாதம் மொழிக்கழகம் இன்று சொல்லும் அதே வாதம்தான்: ‘சிலேனோஸ்’ என்பது ஆணையும் பெண்ணையும் குறிக்கும், நாங்களும் சிலேனோஸ். அடுத்து என்ன நடந்தது? 1884-இல் வந்த தேர்தல் சட்டம் பெண்கள் வாக்களிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. நாடாளுமன்ற, அதிபர் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை அந்நாட்டுப் பெண்களுக்கு 1949-இல்தான் கிடைத்தது.

1911, உங்கள் குழுவில் பாதிப்பேர் இருக்கும் அதே புவனோஸ் ஐரிஸ். ஹுலியெத்தா லாந்தெரி ஒரு மருத்துவர். நகராட்சித் தேர்தல் விதியில் ‘குடிமகன்’ என்று ஆண்பாலில் இருந்ததே தவிர, பெண் கூடாது என்று எங்கும் இல்லை. அவர் போய் வாக்களித்தார். அதற்குப் பிறகு வாக்காளர் பட்டியலை இராணுவச் சேவைப் பதிவேட்டிலிருந்து எடுப்பது என்று ஆக்கினார்கள். அந்தப் பதிவேட்டில் பெண்களுக்கு இடமில்லை. லாந்தெரி விடவில்லை, இராணுவப் பதிவுக்கே விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அர்ஜென்டினாவில் பெண்களுக்கு வாக்குரிமைச் சட்டம் வந்தது 1947-இல்.

1924, ஈக்வடார். அங்கும் ஒரு மருத்துவர், மத்தில்தே இதால்கோ. படிக்க, எழுதத் தெரிந்து, வயது வந்த ‘குடிமகன்’ வாக்களிக்கலாம் என்றது சட்டம். எனக்கு இவை எல்லாம் இருக்கின்றன என்று போய் நின்றார். பதிவுசெய்யத் தயங்கிய அதிகாரிகள் விஷயத்தை மேலே அனுப்ப, சட்டம் பெண்ணைத் தடுக்கவில்லை என்றே விடை வந்தது. வாக்களித்தார்.

சிலேனோஸ் ஆனாலும் குடிமகன் ஆனாலும் அதே மொழி, அதே இலக்கணம், அதே ஆண்பால் ஈறுதான். ஈக்வடாரில் அது பெண்ணை உள்ளே விட்டது. சிலேயிலும் அர்ஜென்டினாவிலும் வெளியே தள்ளியது. ஸ்பானிஷில் மட்டும் நடந்த கதை இல்லை இது. சுவிட்சர்லாந்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் எமிலி கெம்பின்-ஷ்பீரி. ‘எல்லாச் சுவிஸ் குடிமக்களும் சட்டத்தின் முன் சமம்’ என்று ஜெர்மன் ஆண்பாலில் எழுதியிருந்த வரி தனக்கும் பொருந்தும், ஆகவே தான் வழக்கறிஞராக வாதாடலாம் என்று 1887-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வாதிட்டார். அந்த விளக்கம் புதுமையானது, துணிச்சலானது என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்கள்.

எனவே ‘தோதோஸ்’ எல்லோரையும் குறிக்கும் என்று ஒருவர் சொல்லும்போது நான் மறுக்கமாட்டேன். ஆனால் யாரையெல்லாம் குறிக்கும் என்று முடிவு செய்தவர் எந்தக் காலத்திலும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். மெக்சிகோ இதைப் புரிந்துகொண்டது என்று நினைக்கிறேன். 1953-இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தபோது அவர்கள் ஆண்பாலை நம்பிச் சும்மா இருக்கவில்லை. குடிமக்கள் யார் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் ‘ஆண்களும் பெண்களும்’ என்று இரண்டையும் எழுதினார்கள். இன்று அரசியல்வாதிகள் மேடையில் ‘தோதாஸ் இ தோதோஸ்’ என்று இரட்டையாகச் சொல்லும்போது சலித்துக்கொள்கிறோமே, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. நம் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் ‘மாணவ மாணவியர்’ என்று போடுவதும் இதே ஏற்பாடுதான். யாரும் இங்கே அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

எல்லா வாக்கியத்திலும் இரட்டித்தால் படிக்க முடியாது என்பதும் உண்மை. அழைக்கும்போது ஒரு முறை போதும் என்பது என் வழக்கம். ஸ்பெயின் அமைச்சர் பிபியானா ஐதோ 2008-இல் ‘மியெம்ப்ரோஸ்’ (உறுப்பினர்கள்) என்ற சொல்லுக்கு ‘மியெம்ப்ராஸ்’ என்று ஒரு பெண்பாலை நாடாளுமன்றக் குழுவில் சொல்லிப்போக, பெரிய கூச்சல் ஆகிவிட்டது. எனக்கும் அந்தச் சொல் காதில் ஒட்டவில்லை. ஆனால் பெண் தலைவரைக் குறிக்கும் ‘பிரெசிதெந்தா’வும் ஒருகாலத்தில் அப்படித்தான் கேட்டிருக்கும். மொழிக்கழகத்தின் அகராதியில் அது 1803-லேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் பேச்சுவழக்கில் அதற்குத் தலைவரின் மனைவி என்றும் பொருள் இருந்தது. பெண்கள் உண்மையிலேயே தலைவரான பிறகு அந்தப் பொருள் தானாகத் தேய்ந்துபோனது.

சரி, உங்கள் மெயிலுக்கு வருகிறேன். இது இரண்டாவது வழக்கு.

‘தோதோஸ்’, ‘தோதாஸ்’ இரண்டிலும் சேராதவர்கள் என்ன செய்வது? முதலில் ஈற்றெழுத்துக்குப் பதில் ‘அட்’ (@) குறியைப் போட்டார்கள், பிறகு ‘எக்ஸ்’ (x) போட்டார்கள். இரண்டையும் வாயால் சொல்ல முடியாது. பார்வையற்றவர்களின் கணினிக்குரல் அந்த இடத்தில் தடுமாறும். அமெரிக்காவில் ‘லத்தீனோ’, ‘லத்தீனா’வுக்குப் பதிலாக ‘லத்தீனெக்ஸ்’ என்ற சொல் பல்கலைக்கழகங்களிலும் நிறுவன அறிக்கைகளிலும் பரவியது. ஆனால் 2020-இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வில் அங்குள்ள ஸ்பானிய வம்சாவளியினரில் 3 சதவீதம் பேர்தான் தங்களைக் குறிக்க அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஸ்பானிஷ் பேசும் வாயில் பிறக்காத சொல் அது. திணிப்பு என்ற உங்கள் சந்தேகம் இந்தச் சொல்லைப் பொறுத்தவரை ஓரளவு நியாயம்.

‘எ’ ஈறு அப்படி இல்லை. 1976-லேயே அல்வாரோ கார்சியா மெசெகெர் என்ற ஸ்பானியப் பொறியாளர் அதை யோசனையாக எழுதினார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அது உயிர்பெற்றது 2018 வாக்கில், உங்கள் குழுவினர் இருக்கும் அந்த நகரத்தின் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் கருக்கலைப்பு உரிமைக்காகத் தெருவில் இறங்கியபோது. அந்த ஈறு மொழிக்கு அந்நியமும் இல்லை. ‘எஸ்துதியாந்தே’ என்றால் மாணவர், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுதான். அந்த ‘எ’வை அவர்கள் மற்ற சொற்களுக்கும் நீட்டினார்கள். எழுத்துமுறையிலும் கவனமாக இருந்தார்கள். ‘அமிகோஸ்’ (நண்பர்கள்) என்பதில் கடைசி உயிரை மட்டும் மாற்றினால் ஸ்பானிஷ் எழுத்து விதிப்படி ‘அமிஹெஸ்’ என்று ஒலிக்கும். அதனால் நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்து ‘அமிகெஸ்’ ஆக்கினார்கள். மொழியை உடைக்க வந்தவர்கள் அதன் எழுத்து விதிக்கு இவ்வளவு பணிய மாட்டார்கள். உங்கள் சக ஊழியரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘எய்யே’ இந்த வகைதான். அவன் ‘எல்’, அவள் ‘எய்யா’, இரண்டும் இல்லாதவர் ‘எய்யே’.

ஸ்வீடனில் ‘ஹென்’ என்ற பொதுச் சுட்டுப்பெயர் 2015-இல் அந்த நாட்டு மொழிக்கழகத்தின் சொற்பட்டியலுக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே முடிந்தது ஸ்பானிஷில் ஏன் முடியவில்லை என்று கேட்பார்கள். ஸ்வீடிஷில் அந்த ஒரு சொல்லை மாற்றினால் வேலை முடிந்தது. ஆளின் ஆண்பால், பெண்பாலுக்காகப் பெயரடை மாற வேண்டியதில்லை. ஸ்பானிஷில் ஒருவரை ‘எய்யே’ என்று சொல்லிவிட்டால் முன்னால் வரும் சுட்டு, பெயர், அதன் அடை எல்லாம் கூடவே மாற வேண்டும். நீளமாகப் பேசும்போது பழகியவர்களுக்கே நாக்கு சறுக்கும். உங்கள் ஆசிரியரைப் போன்றவர்களின் எரிச்சலில் இந்தச் சிரமத்துக்கும் பங்கு உண்டு. அவரை நான் வெறுப்பாளர் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் திணிப்பு என்ற சொல்லைப் பற்றி ஒன்று கேட்கிறேன். இதில் அரசாணை போட்டது யார்? 2020 அக்டோபரில் மொழிக்கழகம் ‘எய்யே’யைத் தன் இணையதளத்தில், அங்கீகாரம் தராமல், இப்படி ஒரு சொல் புழங்குகிறது என்று குறிப்பாக மட்டும் போட்டது. எதிர்ப்புக் கிளம்ப, சில நாளில் எடுத்துவிட்டது. 2022-இல் புவனோஸ் ஐரிஸ் நகர அரசு பள்ளிகளில் ‘எ’, ‘எக்ஸ்’, ‘அட்’ மூன்றையும் தடை செய்தது. 2024-இல் அர்ஜென்டின அதிபர் மிலேயின் அரசு தேசிய நிர்வாகம் முழுவதிலும் தடை போட்டது. அதே ஆண்டு ஜெர்மனியில் பவேரியா மாநிலம் பள்ளி, அலுவலகங்களில் எல்லாப் பாலினத்தவரையும் சேர்க்கச் சொல்லின் நடுவே நட்சத்திரக்குறி போட்டு எழுதும் ஜெர்மன் வழக்கைத் தடை செய்தது. உங்களுக்கு வந்த மெயில் ஒரு வணக்கம் மட்டும்தான் சொன்னது. யாராவது ‘தோதெஸ்’ எழுதவில்லை என்பதற்காக உங்கள் மதிப்பெண்ணையோ பதவி உயர்வையோ குறைத்தால் எழுதுங்கள், அதற்கும் எதிராக நிற்பேன்.

அப்புறம், நம் ‘அவர்’.

எனக்கும் ஒருகாலத்தில் அந்த நிம்மதி இருந்தது. ஆனால் தமிழ் ‘நான்’ என்பவரைக் கேட்காமல் விட்டதை ‘அவர்’ என்பவரிடம் கேட்டுவிடுகிறது. ஸ்பானிஷில் ‘பினோ’ என்றால் போதும், வந்தது ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழில் எழுதும்போது நானோ ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’, ‘வந்தது’ என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. ‘வந்தார்’ பால் காட்டாது, சரி. ஆனால் மரியாதையைக் காட்டும். மருத்துவர் வந்தார், வாத்தியார் வந்தார். பாத்திரம் கழுவ வருகிற பெண்மணியை எத்தனை வீடுகளில் ‘வந்தார்’ என்கிறார்கள்? அந்தஸ்து இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பொதுப்பாலை எல்லோருக்குமானது என்று எப்படிச் சொல்வது?

இரண்டு வருடம் முன்பு ஓர் அர்ஜென்டினச் சிறுகதையை மொழிபெயர்த்தேன். அதில் வரும் பத்தொன்பது வயதுப் பாத்திரத்தைக் கதைசொல்லி ‘எய்யே’ என்கிறார். பாட்டி அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. ‘லா கிரியாதுரா’ என்கிறாள். இலக்கணத்தில் பெண்பால், ஆனால் எந்தக் குழந்தைக்கும் சொல்லலாம். முதல் வரைவில் கதைசொல்லி, பாட்டி இரண்டு பேர் வாயிலும் ‘அவர்’ என்றே போட்டு என் அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். அம்மா நிறுத்தி, “அந்தப் பாட்டிக்குப் பேரப்பிள்ளை மேல கோபமா?” என்று கேட்டார். பாட்டி பேரப்பிள்ளையை ‘அவர் சாப்பிட்டாரா’ என்று கேட்டால் தமிழ்க் காதுக்கு அப்படித்தான் கேட்கும்.

கடைசியில் கதைசொல்லிக்கு ‘அவர்’, பாட்டிக்கு ‘புள்ள வந்துச்சு, புள்ள சாப்பிட்டுச்சா’ என்று வைத்தேன். எங்கள் பக்கம் அக்காவையும் ‘அக்கா சொல்லுச்சு’ என்றுதான் சொல்வோம். அது செல்லம். இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, அஃறிணை இழிவாகப் படாதா என்று தயங்கினார். தயங்கியது சரி. திருநங்கைகளைத் தெருவில் ‘அது’ என்று சொல்லிக் காயப்படுத்தும் ஊர் இது. பாட்டியின் வாயில் அன்பாக வரும் அதே ஈறு, அந்நியர் வாயில் அடியாக விழும். ஒரு மணி நேரம் பேசினோம். ‘அது’ என்ற சுட்டு எங்கும் வராமல், ‘புள்ள’ என்ற சொல்லை ஒட்டியே அந்த வினை வரும்படி ஒவ்வொரு வரியையும் திருத்தினேன்.

இது நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்து பெண்மை சுட்டும் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, ‘இவ்வென அறியும் அந்தம் தமக்கு இலவே’ என்கிறது. அந்தம் என்றால் ஈறு. அவர்களும் உயர்திணைதான், ஆனால் அவர்களை இன்னார் என்று காட்டத் தமக்கென ஓர் ஈறு இல்லை, மற்றவர்களின் ஈற்றைக் கொண்டே முடியும். 2022-இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் திருநர், பால்புதுமையர் போன்ற நல்ல பெயர்ச்சொற்கள் கிடைத்தன. வினையின் ஈறு இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. புவனோஸ் ஐரிஸ் பிள்ளைகள் தேடியதும் ஓர் ஈறுதான்.

இனி உங்கள் மெயில். தெலே போன்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வு எழுதினால் ‘தோதோஸ்’ என்றே எழுதுங்கள், உங்கள் ஆசிரியர் சொல்வது அங்கே சரி. குழுவுக்கு எழுதும்போது ‘ஓலா, எக்கிப்போ’ என்று குழுவையே அழைத்தால் யாரும் விடுபட மாட்டார்கள். ‘ஹெந்தே’, ‘பெர்சோனாஸ்’ என்று மக்களைக் குறிக்கும் பழைய சொற்களும் இருக்கின்றன. ‘எய்யே’ என்று போட்டவரைப் பற்றி எழுதும்போது மட்டும் அவர் கேட்டபடி ‘எய்யே’ என்றே எழுதுங்கள். தவறிப்போனால் திருத்திக்கொண்டு மேலே போங்கள்.

தயக்கமாக இருக்கிறது என்றீர்கள். கேட்டுவிடுங்கள். உங்கள் மத்ரித் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வடிவம் வேண்டாம், அவர்கள் ஊர்ப் பேச்சில் கேளுங்கள்: ‘கோமோ கெரேஸ் கே தே ஷாமே?’ உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று பொருள். இந்த வாக்கியத்தில் பால் காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை.

அன்புடன்,
அக்கா